தோள் கொடுக்கும் தோழமை



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் ராயப்பன்பட்டி என்றோர் ஊர் உண்டு. திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். சண்முகாநதி அணை அதன் அருகில்தான் இருக்கிறது. கத்தோலிக்கக் கிறித்தவர்கள் மிகுதியாக வாழும் அவ்வூரின் பள்ளிக்கூடங்களில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் சமய வேறுபாடின்றிப் பயில்கின்றனர். சற்றுத் தொலைவில் உத்தமபாளையமும் கம்பமும். அங்கே நம் ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், இப்பள்ளத்தாக்கின் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. பெண்ணை அடுத்து என்ன படிக்க வைப்பது? பல வீடுகளில் "நர்சிங் படிக்கட்டுமே" என்ற பதில் வருகிறது. நல்ல பதில்தான். விரைவில் வேலை கிடைக்கும். நோயாளிக்குச் செய்யும் பணி இறைவனிடத்தில் கூலிக்குரியது. வளைகுடா நாடுகளிலும் தேவை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வகைப் படிப்புகள் இருக்கின்றன, அவற்றைப் படிக்கும் பெண்பிள்ளை எத்தகைய வாழ்க்கைக்குள் நுழைகிறாள், அவளைக் கரைசேர்ப்பது எது என்பவற்றை நாம் நின்று சிந்திப்பதில்லை. இம்மாதம் அதனைச் சிந்திப்போம்.

எந்தக் கதவு எங்கே திறக்கிறது?

முதலில் படிப்புகளின் வகையைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் பதிவுபெற்ற செவிலியராவதற்கு அங்கீகரிக்கப்பட்ட வழிகள் சிலவே. துணைச் செவிலியர் எனப்படும் ஏ.என்.எம். படிப்பு இரண்டு ஆண்டு. ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. இவற்றை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்தவர்களே தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் தம் பெயரைப் பதிவு செய்ய இயலும். 1926ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தின் வழி வந்த குழுமம் அது. அகில இந்திய அளவில் இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. சட்டங்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே: பதிவு இல்லாதவர் செவிலியராகப் பணிபுரியும் உரிமை பெறுவதில்லை.

இவற்றுக்கு அப்பால் சமுதாயக் கல்லூரிகள் என்றொரு வகை உண்டு. தமிழகத்தில் இவ்வியக்கம் சிறப்பான பின்னணியில் பிறந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராயிருந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இவ்வியக்கத்தைப் பல ஊர்களுக்கும் கொண்டு சென்றார். 2002இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னாளில் பல சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளித்தது. வறுமையால் கல்லூரி வாசலை மிதிக்க இயலாதோர், இடையில் படிப்பை நிறுத்தியோர், குறிப்பாகப் பெண்கள் ஆகியோருக்கு ஏறத்தாழ ஓராண்டில் ஒரு தொழிலைக் கற்பிப்பதே நோக்கம். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடத்தில் நேரடிப் பயிற்சி ஆகிய மூன்றும் பாடத்தில் இடம்பெறும். சுகாதார உதவியாளர், நர்சிங் உதவியாளர் போன்ற படிப்புகள் இவற்றில் பலராலும் விரும்பப்படுபவை.

இங்கேதான் பெற்றோர்கள் விழிப்புடன் இருக்கவேண்டும். உதவியாளர் படிப்பு பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள். முதியோரைப் பேணவும், மருத்துவமனையில் துணைப்பணி செய்யவும், வீட்டிலுள்ள நோயாளியைக் கவனிக்கவும் அது உதவும். ஓராண்டில் நேர்மையான ஊதியத்திற்கு வழிகாட்டும். எனினும் அதனை முடித்தவர் உதவியாளரே. செவிலியராகப் பதிவு பெற இயலாது. அரசுச் செவிலியர் பணிக்கும், அயல்நாட்டுச் செவிலியர் பணிக்கும் அச்சான்றிதழ் செல்லாது. வெள்ளைச் சீருடையைக் கண்டு இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக்கூடாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறை நாடெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செவிலியர் பற்றாக்குறை ஏற்பட்டபோது, மில்ட்ரெட் மான்டாக் என்னும் அம்மையார் 1951இல் ஒரு யோசனையை முன்வைத்தார். சமுதாயக் கல்லூரியிலேயே ஈராண்டில் செவிலியரை உருவாக்கலாம் என்பதே அது. 1952 முதல் சில கல்லூரிகளில் சோதித்துப் பார்த்தனர், வெற்றி பெற்றது. இன்று அங்கே அந்த ஈராண்டுப் படிப்பை முடித்தவர், பட்டதாரி எழுதும் அதே உரிமத் தேர்வை எழுதிப் பதிவுபெற்ற செவிலியராகிறார். வீட்டு வேலை, கைக்குழந்தை, பகுதிநேர வேலை ஆகியவற்றுக்கு இடையே படிக்கும் தாய்மார்கள் அங்கே பலர். கல்லூரியின் பெயர் அங்கும் சமுதாயக் கல்லூரி, இங்கும் சமுதாயக் கல்லூரி. எனவே பெயரை வைத்து முடிவு செய்யாமல், "படிப்பை முடித்தால் எங்கள் மகளின் பெயர் செவிலியர் குழுமத்தில் பதிவாகுமா?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். குழுமம் அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலில் அக்கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டும் முன் இதனைச் செய்வதே உங்கள் மகளுக்கு நீங்கள் அளிக்கும் முதல் துணை.

தனியொருத்தியால் இயலாத படிப்பு

சேர்ந்தாயிற்று. இனி அந்த மாணவியின் நாள் எவ்வாறு கழிகிறது என்று பாருங்கள்.

விடியுமுன் எழுந்து, தொழுது, சீருடை அணிந்து வார்டுக்குச் செல்லவேண்டும். படுக்கை விரித்தல், உடல்வெப்பம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் குறித்தல், நோயாளியைக் குளிப்பாட்டுதல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் என்று நாள் தொடங்கும். பிற்பகலில் வகுப்பு. இரவில் குறிப்பேடும் நோயாளி பற்றிய அறிக்கையும் எழுதவேண்டும். சில வாரங்களில் இரவுப் பணியும் வரும். உடலின் 206 எலும்புகளின் பெயர்களும், நாவில் புரளாத மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில் மனத்தில் நிற்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்று வந்த பெண்ணுக்கு முதல் ஆண்டில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போன்றிருக்கும்.

இதற்கெல்லாம் மேலாக, வார்டில் முதன்முதலாக ஒரு மரணத்தைக் காணும் நாள் வரும். காலையில் கஞ்சி ஊட்டிய கைகளாலேயே மாலையில் அம்முதியவரின் கண்களை மூடநேரும். பதினெட்டு வயதுப் பெண் அதனை மனத்தில் சுமந்துகொண்டு விடுதிக்குத் திரும்புவாள். அன்றிரவு அவளோடு அமர்ந்திருக்க ஒருத்தி வேண்டும். அறிவுரை சொல்லவேண்டிய தேவையில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல ஒருத்தி இருந்தால் போதும்.

இக்காரணத்தால்தான் செவிலியர் கல்வி தொடக்கம் முதலே கூட்டு வாழ்க்கையாக அமைந்திருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டான 1908இல் இந்தியச் செவிலியர் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். அச்சங்கம் 1929இல் மாணவச் செவிலியர் சங்கம் என்ற பிரிவையும் உருவாக்கியது. மாணவியருக்குள் ஒற்றுமையும் தலைமைப் பண்பும் வளரவேண்டும் என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. பல செவிலியர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அதன் கிளை உண்டு. உங்கள் மகள் சேரும் நிறுவனத்தில் கிளை இருந்தால் அதில் ஈடுபாடு காட்டச் சொல்லுங்கள். "படிப்பை மட்டும் பார்" என்று தடுக்காதீர்கள். அத்தோழமையும் படிப்பின் ஒரு பகுதியே.

நல்ல மாணவியர் குழு எவ்வாறு இயங்குகிறது? நான்கைந்து பேர் போதும். ஆங்கில வழியில் பயின்றவள் பாடநூலைப் படித்துப் பொருள் சொல்வாள். தமிழ்வழியில் பயின்றவள், அதே செய்தியை ஒரு நோயாளிக்குப் புரியும் தமிழில் எடுத்துரைப்பது எவ்வாறு என்று காட்டுவாள். கணக்கில் வல்லவள் ஒருத்தி. ஊசி போடுவதில் கைநடுக்கம் இல்லாதவள் ஒருத்தி. ஒருத்தி படித்ததை மற்றவருக்கு வாய்விட்டுச் சொல்லும்போது அவளுக்கே அப்பாடம் உறுதிப்படுகிறது. மூத்த மாணவியர் தம் பாடநூல்களையும் சீருடைகளையும் இளையவர்களுக்குக் கைமாற்றித் தருகின்றனர். காய்ச்சலில் படுத்தவளுக்கு வகுப்புக் குறிப்பை எழுதி வைக்கின்றனர். வெளியூர்ப் பிள்ளை விடுமுறை நாளில் தனித்திருக்காதபடி உள்ளூர்ப் பிள்ளை தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். பணம் அதிகம் செலவாகாத உதவிகளே இவை. ஆயினும் படிப்பை விட்டுவிட நினைத்த எத்தனையோ பெண்களை இவைதாம் தடுத்து நிறுத்துகின்றன.

துணைக்கும் ஓர் எல்லை உண்டு

சகோதரியே, நீ செவிலியர் மாணவியாயின் இப்பகுதியைக் கவனமாகப் படி. நன்மையில் ஒருவருக்கொருவர் துணைநிற்க வேண்டும், பாவத்தில் துணைபோகக் கூடாது என்பது திருமறையின் கட்டளை. தோழமை என்ற பெயரில் செய்யத்தகாதவற்றையும் இக்கட்டளை சுட்டிக் காட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 500 மில்லி குளுக்கோஸை நான்கு மணி நேரத்தில் ஏற்றவேண்டும். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. இக்கணக்கை ஒருத்தி போட, மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்டால் அது உதவியாகாது. ஆளுக்கொரு தாளில் தனித்தனியே கணக்கிட்டு, பிறகு விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒருத்தியின் பிழையை மற்றொருத்தி கண்டுபிடிப்பாள். நாளை வார்டில் இரண்டு செவிலியர் ஒரு மருந்தின் அளவைத் தனித்தனியே சரிபார்க்கும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் தோழியின் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்வது உயிர்காக்கும் பழக்கமாகும்.

வராதவளுக்காக வருகைப் பதிவில் கையொப்பம் இடுவதும், செய்யாத பயிற்சியைச் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுத இடங்கொடுப்பதும் பிழை. கற்காத கையிடம் ஒரு நோயாளியின் உயிர் நாளை ஒப்படைக்கப்படும். அது அமானத். மருந்து மாறிப்போனதைக் கண்டால், "தோழி திட்டு வாங்குவாளே" என்று மறைத்துவிடாதே. அவளுடன் சேர்ந்து சென்று வார்டுப் பொறுப்பாளரிடம் உடனே சொல். அவளைத் தனியே அனுப்பாமல் உடன் செல்வதுதான் உண்மையான தோழமை.

இன்னொன்று. பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் மாணவியர் பலர் அஞ்சி வெளியே சொல்வதில்லை. குத்திய இடத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவவேண்டும்; பிதுக்கக்கூடாது. உடனே பொறுப்பாளரிடம் தெரிவிக்கவேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் இயன்றவரை முதல் சில மணி நேரத்திலேயே, எப்படியும் 72 மணி நேரத்துக்குள், தொடங்கப்படவேண்டும். மறைத்துக் கழித்த நாள் திரும்பி வராது. மஞ்சள்காமாலை பி வகைக்கான தடுப்பூசி ஆறு மாதத்தில் மூன்று தவணையாகப் போடப்படுவது. பயிற்சி தொடங்கும்போதே அதனைத் தொடங்கிவிடவேண்டும். பெற்றோர்களே, கல்லூரியில் சேர்க்கும் நாளில் இதனையும் கேளுங்கள்.

தோழி பல நாட்கள் உண்ணாமல், உறங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் அவளது மனநிலையைக் கேட்டறிவதும் கடமையே. உங்களால் தாங்க இயலாத பாரத்தை ஆசிரியரிடமும் அவள் வீட்டாரிடமும் கொண்டு செல்லுங்கள். 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

நம் வரலாற்றின் மகளிர்

"பெண்பிள்ளை ஆண் நோயாளியைத் தொட்டுப் பணிபுரிவதா?" என்று நம் வீடுகளில் முதியோர் சிலர் கேட்கின்றனர். கேள்வியை மதிப்போம், வரலாற்றையும் பார்ப்போம்.

அகழ்ப் போரின்போது அம்பு பட்டுக் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் அமைந்திருந்த ருஃபைதா (ரலி) என்னும் அம்மையாரின் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சை அளிக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த அவ்வம்மையார் காயம்பட்டோரைப் பேணுவதையே தம் பணியாகக் கொண்டிருந்தார். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன்சென்று, உணவு சமைத்தும் நோயுற்றோரைக் கவனித்தும் தொண்டாற்றியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் வீரர்களுக்கு நீர் வழங்கியும், காயம்பட்டோரை மதீனாவுக்குக் கொண்டு சேர்த்தும் பணிபுரிந்தார்கள். உஹதுப் போரில் ஆயிஷா (ரலி) அவர்களும் உம்மு சுலைம் (ரலி) அவர்களும் தோல்பைகளில் நீர் சுமந்து ஓடிய வரலாற்றையும் நாம் அறிவோம்.

இச்செய்திகளில் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஒருவர் நீர் சுமந்தார், ஒருவர் சமைத்தார், ஒருவர் காயத்துக்குக் கட்டுப்போட்டார், ஒருவர் காயம்பட்டோரை ஊர் சேர்த்தார். அத்தாய்மார்களின் தொண்டு பலர் பகிர்ந்து செய்த தொண்டாகவே இருந்தது. நோயாளிக்குச் செய்யும் பணியில் தேவை கருதி மார்க்கம் அளிக்கும் இடத்தைப் பற்றி உங்கள் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தெளிவு பெறாமல் ஐயத்தோடு மகளை அனுப்புவது அவள் மனத்தை இரண்டாக்கிவிடும்.

நோன்பும் பெருநாளும் இரவுப் பணியும்

தலைமறைப்பு, தொழுகை நேரம் ஆகியவற்றில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு நடைமுறை உண்டு. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் தூய்மை விதிகள் மேலும் கடுமையாக இருக்கும். சேர்ந்த பின் சச்சரவு செய்வதைவிட, சேருமுன் பணிவுடன் கேட்டுத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை.

மற்றவற்றைப் பெரும்பாலும் தோழியரே தீர்த்து வைக்கின்றனர். ரமளானில் நோன்பு திறக்கும் நேரத்தில் வார்டில் பணி இருந்தால், "நீ போய்ப் பேரீச்சம்பழம் வாயில் போட்டுக்கொண்டு மஃரிப் தொழுதுவிட்டு வா, உன் படுக்கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல ஒரு கிறித்தவத் தோழியோ இந்துத் தோழியோ முன்வருவாள். கிறிஸ்துமஸ் இரவு வரும்போது, "இன்று உன் பணியை நான் செய்கிறேன், நீ வீட்டுக்குப் போ" என்று நம் பெண் சொல்லவேண்டும். பொங்கலுக்கும் அவ்வாறே. பொறுப்பாளரின் அனுமதியோடு இம்முறை மாற்றம் நடக்கவேண்டும். கோவில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதன்று. வாங்குவதில் மட்டும் முன்னின்று, கொடுப்பதில் பின்தங்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள்! வார்டில் பக்கத்துப் படுக்கைகளைப் பார்த்துக்கொள்பவளும் ஓர் அண்டை வீட்டாளே.

வீடும் மஹல்லாவும் செய்யவேண்டியவை

தோழியர் இவ்வளவு செய்கின்றனர். நாம் என்ன செய்கிறோம்?

இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் மகளை, வாசல் தெளிக்கவும் பாத்திரம் துலக்கவும் அழைக்கிறோம். அவளுக்கு அதுவே இரவு. ஜன்னலைச் சாத்தி, ஆறேழு மணி நேரம் உறங்கவிடுங்கள். தம்பிமார் அந்நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கட்டும். அத்தாமார்கள், இருட்டில் வந்திறங்கும் மகளுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருங்கள். அவளோடு இறங்கும் மற்ற பெண்ணையும் அவள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுங்கள். அவளும் யாரோ ஒருவர் பெற்ற அமானத்தே.

அடுத்தது சற்றுக் கடினமான செய்தி. படிப்பின் நடுவில் நல்ல வரன் வந்தது என்று நிக்காஹ் முடித்துப் படிப்பை நிறுத்திவிடுகின்ற வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. மூன்றாண்டுப் படிப்பில் இரண்டரை ஆண்டு படித்து நிறுத்தியவளுக்குப் பாதிச் சான்றிதழ் எதுவும் கிடையாது, பதிவும் கிடையாது. அவள் கற்ற கல்வியும், நீங்கள் கட்டிய பணமும், தோழியர் அவளுக்காக விழித்த இரவுகளும் வீணாகின்றன. வரன் நல்லவராயின் ஆறு மாதம் காத்திருக்க மாட்டாரா? அவசரமாக நிக்காஹ் முடிக்க நேர்ந்தால், படிப்பை முடிக்க வைப்போம் என்ற வாக்குறுதியை நிச்சயதார்த்தத்தின்போதே பெரியோர் முன்னிலையில் பெறுங்கள். மருமகளின் தேர்வுக்காகத் தாமே அடுப்படியைப் பார்த்துக்கொண்ட மாமியார்களும் நம் சமுதாயத்தில் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் பேரருள் புரிவானாக!

மஹல்லா ஜமாஅத்தார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதிய்யா கல்லூரி 1956இல் தோன்றியது. கல்விக்குப் பொருள் கொடுப்பதும் இபாதத்தே என்று நம் முன்னோர் கருதியதன் அடையாளம் அது. இன்று புதிதாக ஒரு கல்லூரி கட்ட நம் எல்லோராலும் இயலாது. ஆனால் பைத்துல்மாலில் ஒரு புத்தக அலமாரி வைக்க இயலும். படித்து முடித்த செவிலியர் மாணவியர் தம் நூல்களை அங்கே தந்தால், அடுத்த ஆண்டு சேரும் ஏழைப் பெண்ணுக்கு அவை உதவும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்து மாணவியின் கட்டணத்திற்கும் வழிசெய்யுங்கள். பணியில் இருக்கும் மூத்த செவிலியச் சகோதரியரை ஆண்டுக்கொரு முறை அழைத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களோடும் தாய்மார்களோடும் பேசச் செய்யுங்கள். எந்தக் கல்லூரி அங்கீகாரம் பெற்றது, எது பெறாதது என்பதை அவர்கள் அறிவார்கள்.

அரசு அளிக்கும் வாய்ப்புகளையும் கேட்டுப் பெறுங்கள். 2007இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வந்தது. லெப்பை என்ற பிரிவில் ராவுத்தரும் மரைக்காயரும் அடங்குவர். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தின் இறுதி நாளில் அலைவதில் பயனில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு உயர்கல்வியின்போது மாதம் ஆயிரம் ரூபாய் வழங்குவதற்காக வந்தது. 2024இல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியருக்கும் அது விரிவாக்கப்பட்டது. உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்று கல்லூரியில் கேளுங்கள்.

வளைகுடா நாடுகளுக்கு அனுப்ப விரும்புவோர் நினைவில் கொள்ளவேண்டியதும் உண்டு. பதிவும், பணி அனுபவமும், அந்நாட்டு உரிமத் தேர்வில் வெற்றியும் இன்றிச் செவிலியர் வேலை கிடைப்பதில்லை. "உதவியாளர் சான்றிதழ் போதும், விசா தயார்" என்று சொல்லும் முகவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இல் தொடங்கப்பட்டது. செவிலியரை வெளிநாட்டுப் பணிக்குத் தேர்ந்து அனுப்பும் பணியையும் அது செய்து வருகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

சகோதரிகளே! நோயுற்ற ஒருவர் கண்விழித்துப் பார்க்கும்போது அருகில் நிற்கும் செவிலியர் ஒருவர்தான். ஆனால் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் பலர். பாடம் சொல்லிக்கொடுத்த தோழி, சீருடை தந்த மூத்தவள், இஃப்தார் நேரத்தில் படுக்கைகளைப் பார்த்துக்கொண்டவள், நிறுத்தத்தில் காத்திருந்த அத்தா, ஜன்னலைச் சாத்திய அம்மா, வாக்குறுதியைக் காத்த மாமியார் ஆகிய அனைவரும் அப்பணியின் நன்மையில் பங்குடையவர்கள் என்றே நம்புகிறோம். அப்பங்கைப் பெறும் வாய்ப்பு உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கலாம். அடுத்த தெருவில் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கும் பெண் யார் என்று இன்றே விசாரியுங்கள். அவளுக்கு என்ன தேவை என்று கேளுங்கள்.

பிணி தீர்க்கும் பணியில் நம் பெண்மக்களின் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத்தை நல்குவானாக! அவர்களுக்குத் தோள் கொடுக்கும் பாக்கியத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.